கல்வெட்டில் ஓமத் தண்ணீர்

1974 ஒக்டோபர் 1, செவ்வாய்

வெயில். கச்சான் காற்று நின்றுவிட்டது, வாடை இன்னும் புறப்படவில்லை. துறைமுகம் ஆறிப்போன கஞ்சி மாதிரிப் படலம் கட்டிக் கிடக்கிறது. துறைமுகக் கந்தோரில் என் மேசைக்கு மேலே மின்விசிறி மறுபடியும் தற்கொலை.

வாங்க: சவர அலகு, செருப்புக்கு வார், மண்ணெண்ணெய் (கிடைத்தால்).
எழுத: தங்கச்சிக்குக் கல்வெட்டு.

இதற்குமுன் எத்தனையோ கல்வெட்டு. இந்த ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாள் அவர் புகழ் பாட்டாக அச்சாகி வரவேண்டும். வந்தவர் கையில் ஆளுக்கொன்று. சாப்பாட்டுக்கு முன் ஒருவர் எழுந்து அதைப் பாடிப் படிக்கவேண்டும். கட்டுவதும் அடியேன், படிப்பதும் அடியேன். சாம்பல்தீவு முதல் ஈச்சிலம்பற்று வரை என் பாட்டில்லாமல் ஓர் ஆவியும் மேலே ஏறியதில்லை. இயமனே என் படலையைத் தட்டி, "புலவரே, அடுத்தது யாருக்கு எழுத வசதி?" என்று கேட்டுவிட்டுத்தான் எருமையை அவிழ்ப்பான்.

இந்த முறை கேளாமல் அவிழ்த்துவிட்டான். மனோன்மணி. எனக்கு இருந்த ஒரே தங்கச்சி.

பி.ப. அவள் புருஷன் சிற்றம்பலம் வந்தார். இரும்புக் கடை, கோயில் சபை, சலவை வேட்டி, இத்தனையும் ஒரே ஆள். கதிரையில் நுனியில் இருந்தார்.

"மச்சான், வழக்கமானதைப் போடும். நாலு பக்கத்துக்கு மேல வேண்டாம். கடதாசி இல்லையாம்."

அவர் போன பின்னும், கூட வந்த மகள் தேவகி போகவில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், ஆகவே மாமனையும் திருத்துவாள்.

"மாமா, இந்த முறை அம்மாவை எழுதுங்கோ."

"பின்ன ஆரைப் பிள்ளை எழுதப்போறன்?"

"நீங்கள் எழுதுற எல்லாருக்கும் ஒரே முகம். அச்சுக்காரரிட்டக் கேட்டுப் பாருங்கோ. அம்மாவை அப்பிடி அனுப்பவேண்டாம். அவவை ஒருக்காவாவது ஆரும் பாத்தது எண்டு இருக்கட்டும்."

விட்டேன் ஒரு சிரிப்பு. அரை மணித்தியாலத்தில் முடிந்தது. கற்பில் அருந்ததி, பொறுமையில் பூமாதேவி, மொழியில் குயில். படித்துப் பார்த்தேன். அரிசி ஆலைக்காரரின் தாய்க்கும் இதே குயில். தபால் அதிபரின் பெண்சாதிக்கும் இதே குயில். இவ்வளவு பேருக்கும் தனியாளாகக் கூவி அந்தப் பறவைக்குத் தொண்டை கட்டியிருக்கும்.

கிழித்தேன்.

ஒக்டோபர் 2, புதன்

வெயில். அலகு இல்லை, வார் இல்லை. மண்ணெண்ணெய் நாளைக்காம்.

கண்ணை மூடித் தங்கச்சியின் குரலை நினைத்தேன். குயில் என்றது மண்டை. அட மடையா, உண்மையான குரல். மறுபடியும் குயில். கை? தாமரை. தாமரைக் கையை வைத்துக்கொண்டு எப்படி மீன் வெட்டினாள்? நடை? அன்னம். இந்தத் திருக்கோணமலையில் அன்னத்தைக் கண்டவன் எவன்? நான் காணவில்லை. மான் கண்டிருக்கிறேன், வேலி தாண்டி என் கீரையைத் தின்னும்போது.

ஐம்பது வருஷத்துக்கு மேல் பக்கத்தில் இருந்தவள். எனக்குள் தேடினால் கிடைப்பது என் பாட்டு மட்டும். சாப்பிட்டுவிட்டேன் அவளை.

முடிவு: ஐம்புல வேள்வி. கண், காது, மூக்கு, நாக்கு, தோல், ஐந்தும் துருப்பிடித்துப் போயின. மச்சானின் கடையில் பழைய இரும்பாகக்கூட எடுக்கமாட்டார்கள். தீட்டவேண்டும். பிறகு எழுதவேண்டும். இந்த மாகாணம் காணாத கல்வெட்டு. படிக்கிறவன் கை நடுங்கி வடையைக் கீழே போடவேண்டும்.

ஒக்டோபர் 3, வியாழன்

மதியம் இறங்குதுறையில் கைலேஞ்சியால் கண்ணைக் கட்டிக்கொண்டு மூட்டையொன்றில் அமர்ந்தேன். பின்னால் சாமான் இறக்குகிறவர்கள்:

"கிளாக்கர் ஐயாவுக்குக் கண்ணில என்னடா?"

"ஒண்டுமில்லை. சம்பள நாள் வரைக்கும் உலகத்தைப் பாக்க ஏலாதாம்."

"எனக்கும் ஒரு துணி வாங்கி வை."

மூக்கு கந்தளாய்க் குளமாய் விரிந்தது. பிடித்தவை: தார். புழுத்த கோதுமை மா. தேயிலைப் பெட்டியின் பலகை (தேயிலை அல்ல, பலகை). கிண்ணியா வள்ளத்துக் கருவாடு. பீடி. அடுத்து வரப்போகும் கப்பலின் சமையல்காரன் வங்காள விரிகுடா நடுவில் வெங்காயம் வதக்குவதையும் பிடித்தேன் என்று யாராவது சொன்னால் மறுக்கமாட்டேன்.

பகிடி ஒருபுறம். ஒன்று மெய். இத்தனை நாளும் ஈரம் என்று ஒரே சொல்லை எழுதிவந்தேன். ஈரக் கயிற்றின் மணம் வேறு. ஈரச் சாக்கின் மணம் வேறு. பாரம் தூக்கி வந்து பக்கத்தில் நின்றவனின் ஈரம் வேறு. அதில் பசி இருந்தது. கட்டை அவிழ்த்தபோது வெளிச்சம் கன்னத்தில் அறைந்தது. கொஞ்சநேரம் எல்லாம் முதற்தரம் பார்த்த மாதிரி. பயமாகவும் இருந்தது. இவ்வளவையும் பார்க்காமல் எப்படி ஒரு மனிதன் புலவன் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிந்தான்?

கந்தோர்ப் பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார், சுகமில்லையா என்று. லீவு எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

ஒக்டோபர் 4, வெள்ளி

விடியப் பேக்கரியில் பாண் கியூ. காதுக்குப் பயிற்சி. யாரையும் பார்க்காமல் குரலை மட்டும் கேட்பது.

"முன்னுக்கு நிக்கிற ஐயா, நகருங்கோ. கல்லாப் போனீங்களோ?"

"அவர் கல்வெட்டுக்காரர், கல்லாத்தான் நிப்பார்."

"ஐயோ, என்னைப் பாத்துவிட்டாரே, இனி எனக்கும் ஒரு பாட்டுக் கட்டிப்போடுவார்!"

முதல் குரல்: நனைந்த துணியை உதறின மாதிரி. இரண்டாவது: அடியில் பிடித்த சட்டியைச் சுரண்டுவது. மூன்றாவது சின்னப் பெண், பல் விழுந்த இடத்தால் காற்றுப் போகிறது. குயில் ஒன்றும் கியூவில் இல்லை.

எனக்கு இரண்டு ஆள் முன்னால் பாண் முடிந்தது. வெறுங்கையோடு திரும்பும்போது, கடற்கரை வளைவில், சட்டென்று வந்தது. அவளுடைய "ஓம்", சரி என்கிற ஓம். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சொல்லுவாள். ஓம் என்ற காற்றை வெளியே விட்டால் யாருக்கோ இடைஞ்சல் என்பதுபோல. சின்ன வயதிலிருந்தே. மச்சான் என்ன சொன்னாலும் அந்த உள்மூச்சு.

நடுத்தெருவில் நானும் இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். நெஞ்சு நிறைந்து போய் நோகிறது. அதை எங்கே விட்டிருப்பாள்?

மூன்று நாள் வேள்விக்கு ஒரு மூச்சு வரவு.

ஒக்டோபர் 5, சனி

புழுக்கம். மேகம் வந்து பார்த்துவிட்டுப் போனது.

தங்கச்சி வீடு. மச்சான் விறாந்தையில் ஆட்களோடு. நான் நேரே குசினிக்கு. தேவகிக்கு ஆச்சரியம், இந்தக் குசினிக்குள் நான் கால் வைத்ததில்லை. சோறு முன்னறைக்கு வரும், புலவர் உண்பார், தட்டுத் திரும்பிப் போகும்.

தங்கச்சி இருக்கிற பலகையில் குந்தினேன். அவள் உயரத்துக்கு உலகம்: அடுப்பு வாய், மண்பானையின் வயிறு, வந்தவர்களின் முழங்கால். ஜன்னல் தலைக்கு மேலே. அதில் கடல் இல்லை, மச்சான் எழுப்பின மதில்.

பிறகு மணம். புகை, புளி, பழைய தேங்காயெண்ணெய், இவற்றுக்கெல்லாம் அடியில் ஒன்று. கூர்மையாய், தொண்டையைச் சுடுகிறது. எழுந்து சுவரோடு சுவராக மோந்துகொண்டு போனேன். தேவகி சிரிக்கவில்லை. நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றது மூக்கு.

"ஓமம்" என்றேன்.

சாக்கை இழுத்து வெளியே வைத்தாள். உள்ளே வெறும் போத்தல்கள், வாய்வரை. ஓமத் தண்ணீர், கடைத்தெருவில் விற்கிறது.

"எட்டு மாசம் இதுதான் மாமா மருந்து. வயித்துக்குள்ள கத்தி வச்சுத் திருப்புற மாதிரி எண்டு அம்மா சொன்னவ. டொக்டர் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவர். அப்பா முதல்ல திருவிழா முடியட்டும் எண்டார். பிறகு கடைக் கணக்கு முடியட்டும் எண்டார். பிறகு, வாய்வுக்கு ஆர் கண்டிக்குப் போறது எண்டு எல்லாருக்கும் சொல்லிச் சிரிச்சார்."

"மணி என்ன சொன்னவள்?"

"ஓம் எண்டவ."

எனக்குக் கேட்டது. உள்ளே இழுக்கிற ஓம்.

"அம்மாவுக்கு நேர ஒண்டும் சொல்லுறேல்ல. உந்தக் கதவடியில நிண்டு கேட்டுத்தான் எல்லாம் தெரிஞ்சுகொண்டவ."

குசினிக் கதவின் உட்பக்கம் பார்த்தேன். என் தோள் உயரத்தில் பலகை கறுத்து வழுவழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. தலைமுடி பட்டுப் பட்டு. நான் என் மொட்டைத் தலையை அதில் வைத்தேன். விறாந்தைக் கதை ஒரு சொல் தப்பாமல் கேட்டது. மச்சான் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்:

"அவவுக்கு நான் ஒரு குறையும் வைக்கேல்லை. தங்கமாய்ப் பாத்தனான்."

பலகை குளிர்ச்சியாய் இருந்தது. 

ஒக்டோபர் 6, ஞாயிறு

எழுதினேன். காலையில் தொடங்கி, சாப்பிடாமல். பாட்டு வரவில்லை, வசனம்தான் வந்தது. அருந்ததி வந்து படலையில் நின்றாள், துரத்தினேன். பூமாதேவியையும். இவ்வளவு மெதுவாய் நான் எழுதியதில்லை. பெரிய சொல்லுக்குப் பேனா நிற்காது, தெரியுமோ? சின்னச் சொல்லுக்குத்தான்.

இங்கே ஒரு பிரதி:

"மனோன்மணி. தேவகியின் தாய். மெலிந்தவள். கையில் எப்போதும் ஒரு தீச்சுட்ட தழும்பு, பழையது ஆறமுன் புதியது. ஓம் என்பதை மூச்சை உள்ளே இழுத்துச் சொல்லுவாள். எட்டு மாதம் வயிற்றில் நோவை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் சோறு காய்ச்சினாள். கண்டிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோகவில்லை. ஓமத் தண்ணீர் கொடுத்தோம். குசினிக் கதவில் அவள் தலை வைத்துக் கேட்ட இடம் இருக்கிறது. வந்தவர்கள் போய்ப் பார்க்கலாம்."

அவ்வளவுதான். நாலு பக்கம் வேண்டியதில்லை. படித்தபோது மூக்கில் ஓமம் ஏறியது. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் மணந்த எழுத்து இது ஒன்று.

தீச்சுட்ட தழும்பு எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது. தாமரை இல்லை. அந்தக் கை.

பி.ப. தேவகிக்குக் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "இது அம்மா" என்றாள். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். எந்தச் சபையும் எனக்குப் போர்த்தாத பொன்னாடை. இதையும் பெருப்பித்து எழுதக் கை துடிக்கிறது. வேண்டாம்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

மச்சானின் கடை. ஆணி மணம், கிறீஸ் மணம். அவர் தராசடியில் நின்று படித்தார். உதடு அசைந்தது. பிறகு அசையவில்லை.

"கல்வெட்டில ஓமத் தண்ணியோ?"

"ஓம்."

"மச்சான், இது பகிடிதானே?"

"இல்லை."

"உமக்கு விசர். சபை ஆக்கள் வருவினம், கந்தோர் ஆக்கள் வருவினம். ஆரும் கல்வெட்டில வருத்தம் நோய் எழுதுறவையோ? நான் என்ன, வேணுமெண்டு விட்டனானோ? எனக்கென்ன தெரியும், வாய்வு எண்டுதானே நினைச்சனான்!"

கடைசிச் சொல்லில் குரல் பிசகியது. அதையும் என் தீட்டின காது பிடித்தது. மனிதன் மெய்யாகவே அப்படி நினைத்திருக்கலாம். அதுதான் இன்னும் மோசம்.

கடதாசியை நாலாக மடித்து, ஆணிப் பெட்டிக்குக் கீழே வைத்தார். "நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

அங்கிருந்து அச்சகத்துக்கு ஓடினேன். அச்சுக்காரர் மாணிக்கம் கையெல்லாம் மை.

"இரும்புக்கடை முதலாளி சைக்கிளில ஆள் விட்டவர் அண்ணை, இப்பதான். பழையதையே போடட்டாம். நீங்கள் ஏன் வெயிலுக்கை அலையிறியள்? உங்கட பொம்பிளைக் கல்வெட்டு ஒண்டை நான் கலைக்காமலே வச்சிருக்கிறன். பேரை மாத்தினாச் சரி. கடதாசிக்கும் தட்டுப்பாடு, எழுத்துக்கும் தட்டுப்பாடு."

சட்டத்துக்குள் ஈய எழுத்தில், தலைகீழாய், என் குயில். நூலால் கட்டி, தூசி தட்டி, எந்தப் பெண்ணுக்கும் ஆயத்தமாய்.

"இதை நான் எழுதேல்லை எண்டு போடும்" என்றேன்.

"நீங்கள்தானே அண்ணை எழுதினீங்கள்!"

எழுதினேன்தான்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

முப்பத்தொன்று. மந்தாரம்.

காலை கன்னியா. இராவணேசுவரன் தன் தாய்க்குக் கருமம் செய்த இடம் என்று ஊர் சொல்லும். ஏழு வெந்நீர்க் கிணறு, ஏழு சூடு. ஒவ்வொன்றிலும் வாளி முக்கித் தலையில் ஊற்றினேன். ஒன்று கைக்குழந்தையின் உடம்பு. இன்னொன்று காய்ச்சல்காரனின் நெற்றி. ஒன்று, அடுப்பிலிருந்து இறக்கி யாரும் குடிக்காமல் விட்ட தேத்தண்ணீர். எல்லாம் உறைக்கிறது இப்போது. வேள்வி பலித்துவிட்டது, பலித்து என்ன?

மதியம் வீட்டில் சனம். இலை போடமுன் கல்வெட்டுக் கொடுபட்டது. கறுப்புக் கரை, அவள் படம், என் பெயர் அடியில் கொட்டை எழுத்தில். இரண்டாம் பக்கம்: "ஐந்து மைந்தரை ஈன்ற அன்னையே." அரிசி ஆலைக்காரரின் தாய்க்கு ஐந்து ஆண்கள். மனோன்மணிக்குத் தேவகி ஒருத்தி. மாணிக்கம் பெயரை மாற்றினார், பிள்ளைகளை மாற்றவில்லை.

"எழும்பும் மச்சான், படியும்" என்றார் சிற்றம்பலம்.

எழுந்தேன். தேவகி குசினிக் கதவுக்கு உள்ளே இல்லை, வெளியே நின்றாள், எல்லாரும் பார்க்க. முதலிரண்டு பக்கம் பாடினேன். ஐந்து மைந்தர் வந்தார்கள், போனார்கள். ஒருவருக்கும் தொண்டையில் சிக்கவில்லை. ஒரு கிழவி "ம்ம்" என்று தலையாட்டி அழுதாள்.

புத்தகத்தை மூடினேன். மனப்பாடமாய் இருந்ததைச் சொன்னேன், இராகமில்லாமல். மெலிந்தவள். தழும்பு. மூச்சு. எட்டு மாதம். கண்டி. ஓமத் தண்ணீர்.

முதலில் பின்வரிசையில் ஒரு "க்ளுக்".

"தொடங்கிட்டார் கிளாக்கர் அண்ணை!"

"எட்டு மாசம் ஓமத் தண்ணியோ! எட்டு நாள் எண்டாலும் நம்பலாம்."

"செத்த வீட்டிலயும் விடான் மனுசன்."

"கதவைப் போய்ப் பாக்கட்டாம், ரிக்கட் எவ்வளவு அண்ணை?"

பரவியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், செத்த வீட்டில் சிரிக்கக்கூடாது என்பதால் கூடுதலாக வந்தது. நான் சொல்லும் எதையும் எட்டால் பிரித்துக் கேட்கப் பழகிய ஊர். கையை உயர்த்தினேன், "மெய்யாகத்தான்" என்றேன். அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

மச்சானின் முகத்தைப் பார்த்தேன். சாம்பலாய் இருந்தது, பிறகு சுற்றிலும் பார்த்தது, பிறகு, கடைசியாக, எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மச்சான் இல்லாட்டி இண்டைக்கு வீடு இழவு வீடு மாதிரியே இருந்திருக்கும்."

பிறகு இலை போட்டார்கள். பூசணிக்காயில் உப்பில்லை.

ஒக்டோபர் 14, திங்கள்

லீவு முடிந்தது. கந்தோர். இருவர் கைகொடுத்தார்கள், "ஐந்து மைந்தர் பகுதி உருக்கம்" என்று. ஒருவர் தன் மாமியாருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

பி.ப. தேவகி வந்தாள். இருக்கவில்லை. படலையில் நின்றபடி:

"நீங்கள் சிரிக்காமல் சொல்லியிருக்கலாம், மாமா."

"நான் சிரிக்கேல்லையே, பிள்ளை."

என் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

"ஓம். சிரிக்கேல்லை. உங்கட முகமே அப்பிடித்தான்."

கண்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு மாற்றம் கேட்டிருக்கிறாளாம்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

வாடை வந்துவிட்டது. விடியவே தூறல், மண் மணம். இன்றைக்கு அதற்கு ஒரு உவமையும் எடுக்கவில்லை.

சவரம். பழைய அலகுதான், இழுத்துக் கீறியது. கண்ணாடியில் பார்த்துச் சொன்னேன்: "என் தங்கச்சி செத்துப்போனாள்." இடது புருவம் தானாக மேலே ஏறியது. வாய் ஒரு பக்கம் கோணியது. அன்றைக்குச் சனத்துக்குள் நானும் இருந்திருந்தால் சிரித்திருப்பேன்.

புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னேன். இன்னும் மோசம். சவர்க்கார நுரை வேறு.

மூன்றாம் தரம், உரத்து. பால்காரர் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன ஐயா, புது நாடகமோ?"